போர்க்கால ஸ்குவாட்ரன் ஒன்றுக்கு ஒன்றுகூடலும் நினைவஞ்சலியும்: மூன்று நாள் நிகழ்வை நடத்த முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரிலிருந்து பறந்த ஸ்குவாட்ரன் (விமானப்படை அணி) ஒன்றுக்காக, அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டைச் சேர்ந்த அணிக்காக, வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை ஒன்றுகூடல் நடத்தும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: பழைய சங்கத்தின் செயலாளருக்கு வயதாகிவிட்டது, ஊர்க் குழுவில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள், கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கடிதங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வேலைகளின் வரிசையைத்தான் அழுத்திச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எவ்வளவு உழைத்தாலும் கடைசி மாதத்தில் தள்ளாட்டம்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது பன்னிரண்டு மாத அவகாசம் வேண்டும். ஆறு மாதத்தில் முடியாதா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் குடும்பங்கள் வர முடியாது, மேலே விமானம் பறக்க விண்ணப்பிக்கும் காலமும் தாண்டியிருக்கும்.

அப்புறம் நான்கு பேர் வேண்டும்: பெயர்ப் பட்டியலுக்கு ஒருவர், விருந்தினர்களோடு கடிதம் எழுத ஒருவர், பணத்துக்கு ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் ஒருவர். கடைசியாகச் சொன்னவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். கூட்டத்தை நடத்துகிறவரே வாகன நிறுத்தத்தையும் பார்த்துக்கொண்டால் இரண்டும் கெடும்.

சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கும், பொதுமக்களுக்கு ஏதாவது நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடும் தேவை. காப்பீட்டுச் சான்று இல்லாமல் எந்த நில உரிமையாளரும் எந்த கவுன்சிலும் உங்களோடு மேற்கொண்டு பேசாது.

2. பெயர்ப் பட்டியலை முதலில் முடியுங்கள்

எல்லோரும் மண்டபத்தையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: ஸ்குவாட்ரனில் உயிரிழந்தவர்களின் பட்டியலைச் சரிபார்த்து முடிக்கும்வரை வேறு எதையும் பெரிதாகத் தொடாதீர்கள். எந்தெந்த நாட்டுக்குக் கடிதம் போக வேண்டும், வாசிப்புக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும், எத்தனை மலர்வளையம், சாப்பாட்டு மேசையில் யாரோடு யார் என்பதெல்லாம் இந்தப் பட்டியலிலிருந்துதான் பிறக்கிறது. பெயர் தவறாகவோ விடுபட்டோ போனால், அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் செய்த மற்ற எல்லாமே வீண்.

மூன்று இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முதலாவது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம். பெயர், படை எண், பதவி, இறந்த தேதி, கல்லறை எல்லாம் இருக்கும். இரண்டாவது, லிங்கனில் உள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பதிவு. மூன்றாவது, லண்டனின் கியூ பகுதியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேடு. ஏர் 27 (AIR 27) என்ற தொகுப்பில் தேடுங்கள். அதில் படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம், படிவம் 541 ஒவ்வொரு விமானத்திலும் யார் யார் ஏறினார்கள், எப்போது கிளம்பினார்கள், திரும்பினார்களா என்ற விவரம். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் நம்பினால் தவறு நிச்சயம்.

அடிக்கடி வரும் தவறுகள் இவை.

தேதி. குண்டுவீச்சு இரவில் நடந்தது, கிளம்பியது ஒரு தேதி, விழுந்தது அடுத்த தேதி. 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க்குக்குக் கிளம்பிய 795 விமானங்களில் 95 திரும்பவில்லை; அந்த இரவில் இறந்த ஒருவருக்கு ஒரு பதிவில் 30 என்றும் இன்னொன்றில் 31 என்றும் இருக்கலாம். ஒன்றை அடித்துவிடாமல் இரண்டையும் பட்டியலில் வைத்திருங்கள். வாசிக்கும்போது கல்லறைக் கல்லில் உள்ள தேதியையே சொல்லுங்கள், குடும்பம் பார்த்து வளர்ந்தது அதைத்தான்.

விடுபட்டவர்கள். பழைய பட்டியல்களில் பறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். குண்டு ஏற்றும்போது வெடித்து இறந்த தரைப் பணியாளர்கள், பெண்கள் துணை விமானப்படையினர், சிறைமுகாமில் இறந்தவர்கள், காயத்தோடு திரும்பி மருத்துவமனையில் சில நாள் கழித்து இறந்தவர்கள் ஆகியோரைத் தேடிச் சேர்க்க வேண்டும். தரைப் பணியாளர்களுக்குக் கல்லறைப் பதிவில் பல சமயம் ஸ்குவாட்ரன் எண்ணே இருக்காது, அதனால் தளத்தின் பெயரையும் அருகிலுள்ள தேவாலயக் கல்லறைகளையும் வைத்துத்தான் பிடிக்க முடியும்.

பயிற்சியில் இறந்தவர்கள். ஸ்குவாட்ரனுக்கு வருமுன் கனரக விமானப் பயிற்சிப் பிரிவில் இறந்தவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் முன்பே முடிவெடுத்து எழுதி வையுங்கள். எந்த முடிவானாலும் சரி, ஆனால் நிகழ்வன்று ஒரு பேத்தி வந்து கேட்கும்போது பதில் இருக்க வேண்டும்.

3. வாசிக்கும் முறையை இப்போதே தீர்மானியுங்கள்

பாம்பர் கமாண்டில் இறந்த விமானிகளும் குழுவினரும் 55,573 பேர். பெரிய போரில் முழுக்கப் பங்கெடுத்த ஒரு ஸ்குவாட்ரனுக்கு ஆயிரம் பெயர் வருவது அதிசயமில்லை. ஒரு பெயருக்கு நான்கு விநாடி என்றால் ஆயிரம் பெயருக்கு 66 நிமிடம். திறந்த வெளியில் முதியவர்களை அத்தனை நேரம் உட்கார வைக்கவே முடியாது.

அதனால் நான் சொல்வது: முழுப் பட்டியலைச் சனிக்கிழமை மாலை தேவாலயத்துக்குள் பலர் மாறி மாறி வாசிக்கட்டும், யார் வேண்டுமானாலும் இடையில் வந்து போகலாம். ஞாயிறு நினைவுச்சின்னத்தின் முன் அந்த மாதத்தில் இறந்தவர்களின் பெயர்களும், வந்திருக்கும் குடும்பங்களின் உறவினர் பெயர்களும் போதும்.

அகர வரிசையில் வாசிக்காதீர்கள். குழு குழுவாக வாசியுங்கள். லங்காஸ்டர் என்ற கனரகக் குண்டுவீச்சு விமானத்தில் வழக்கமாக ஏழு பேர்: விமானி, விமானப் பொறியாளர், வழிகாட்டி, குண்டு எறிபவர், வானொலி இயக்குபவர், மேல் துப்பாக்கியாளர், பின் துப்பாக்கியாளர். விமானிதான் தலைவர், அவர் வெறும் சார்ஜெண்டாகவும் வழிகாட்டி அதிகாரியாகவும் இருந்தாலும் அப்படித்தான். எனவே பதவி வரிசையை விட்டுவிட்டு விமானியின் பெயரிலிருந்து தொடங்குங்கள். ஒன்றாக ஏறி ஒன்றாக இறந்தவர்களை அகர வரிசை பிரித்துப் போட்டுவிடுகிறது.

உச்சரிப்புக்குத் தனி வேலை ஒதுக்குங்கள். போலந்து, செக், வேல்ஸ், பிரெஞ்சுக் கனடா, மாவோரிப் பெயர்கள் வரும். குடும்பத்தாரிடம் கேட்டு ஒலிப்பதிவு வாங்கி, வாசிப்பவரின் அட்டையில் அவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள். முதல் நாள் சத்தமாக ஒருமுறை படிக்க வையுங்கள், மனதுக்குள் படித்தால் கணக்கில்லை.

4. தேதியைப் பிடிக்கும் விதம்

போரில் இறந்தவர்களை நாடு முழுக்க நினைவுகூரும் நவம்பர் நினைவு ஞாயிறை ஒட்டி வைக்கலாம் என்று புதியவர்கள் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். அன்று பியூகிள் (ஊதுகொம்பு) வாசிப்பவர், பாதிரியார், கொடி ஏந்துபவர்கள், கேடட்கள் (சீருடைப் பயிற்சி பெறும் இளைஞர்கள்) எல்லோரும் அவரவர் ஊர் நினைவுச்சின்னத்தில் நிற்பார்கள், உங்களுக்கு ஆள் கிடைக்காது. குளிர் வேறு.

மே முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம். ஆகஸ்டில் அறுவடை; நினைவுச்சின்னம் வயல் ஓரத்தில் இருந்தால் அந்தப் பாதையில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், விவசாயியிடம் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். செப்டம்பர் 15ஐ ஒட்டிய ஞாயிறு, 1940 வான்போரை நினைவுகூரும் பிரிட்டன் போர் நினைவு நாள், விமானப்படை கேடட்களுக்கு அன்று வேறு வேலை இருக்கும். மீதி உள்ள வார இறுதிகளில் ஸ்குவாட்ரனின் முக்கியமான இரவு எதற்காவது நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒருமுறை குறித்துவிட்டால் ஆண்டுதோறும் அதே வார இறுதியை வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டுக் குடும்பங்கள் அதை நம்பித்தான் விடுப்பு எடுக்கிறார்கள்.

5. அனுமதிகள்: யாரிடம் முதலில் போவது

நிலத்துக்காரரிடம் முதலில். போர் முடிந்ததும் பெரும்பாலான தளங்கள் வயல்களாகத் திரும்பிவிட்டன. சில ஊராகவே மாறிவிட்டன, லிங்கன் நகரத்தின் பர்ச்வுட் குடியிருப்பு நிற்பது 50, 61 ஆம் ஸ்குவாட்ரன்கள் பறந்த ஸ்கெல்லிங்தார்ப் ஓடுதளத்தின் மேல்தான். நினைவுச்சின்னம் ஊர் மன்றத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், அதைச் சுற்றிய புல்வெளி வேறொருவருடையதாக இருக்கலாம். இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது தேவாலயம். லிங்கன்ஷையரில் கிராமத்துப் பாதிரியார் ஒருவர் பல தேவாலயங்களைப் பார்த்துக்கொள்கிறார், ஞாயிறு காலை 11 மணிக்கு அவர் எந்த ஊரில் இருப்பார் என்பது அட்டவணையைப் பொறுத்தது. அவருடைய நேரம் உறுதியான பிறகுதான் உங்கள் நிகழ்ச்சி நிரலில் ஞாயிறு நேரத்தை அச்சடிக்க வேண்டும்.

மூன்றாவது சாலை. அணிவகுப்பு நூறு அடி தூரம்தான் என்றாலும் சாலையில் கால் வைத்தால் கவுன்சிலின் உத்தரவு தேவை. சிறு அணிவகுப்புகளுக்கு மாவட்ட கவுன்சில் 1847 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் உத்தரவு தரும்; அதற்குப் போக்குவரத்துத் திட்ட வரைபடம் கேட்பார்கள். முடிந்தால் அணிவகுப்பைச் சாலைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

இதற்கெல்லாம் பிறகே மரியாதைக்குரிய விருந்தினர்கள். மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியாக இருப்பவரை அழைப்பதென்றால் மாதக்கணக்கில் முன்பே எழுத வேண்டும், அவர் வந்தால் மலர்வளையத்தில் முதல் இடம் அவருக்கு. ஸ்குவாட்ரன் எண் இன்றும் விமானப்படையில் உயிரோடு இருந்தால் இப்போதைய ஸ்குவாட்ரனுக்குக் கட்டாயம் எழுதுங்கள். இளம் வீரர்கள் நான்கு பேர் சீருடையில் வந்து நின்றாலே குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

6. குடும்பங்களைத் தேடுவது

1944ல் பத்தொன்பது வயதில் பறந்தவருக்கு இன்று நூறு வயது தாண்டிவிட்டது. ஆகவே வரப்போகிறவர்கள் பெரும்பாலும் மகன், மகள், அண்ணன் தம்பி பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இறந்தவர்களில் பலர் திருமணமாகாத இளைஞர்கள், அதனால் நேரடி வாரிசைத் தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. சகோதரியின் வழியில் போங்கள், குடும்பப் பெயர் மாறியிருக்கும்.

கல்லறை ஆணையத்தின் பதிவில் பல சமயம் இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஊரின் உள்ளூர்ப் பத்திரிகைக்கும் நூலகத்துக்கும் எழுதினால் வியக்கத்தக்க பலன் கிடைக்கும். கனடாவின் நூலகமும் ஆவணக் காப்பகமும் போரில் இறந்தவர்களின் பணிக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 என்ற தொகுப்பில் இழப்புக் கோப்புகள் இருக்கின்றன.

உயிர் பிழைத்தவர்களின் குடும்பங்களை மறக்காதீர்கள், இது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 50 ஆம் ஸ்குவாட்ரனின் லெஸ்லி மேன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். புது டெல்லியில் பிறந்தவர், வயது 20. 1942 மே 30 இரவு கொலோன் தாக்குதலில் அடிபட்ட மான்செஸ்டர் விமானத்தை, தன் குழுவினர் குதிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்து பெல்ஜியத்தின் பிரே ஊர் அருகே விழுந்து இறந்தார். குழுவில் ஒருவர் பிடிபட்டார், ஐந்து பேர் தப்பி இங்கிலாந்து திரும்பினார்கள். அவர்கள் சொன்ன சாட்சியத்தின் மேல்தான் அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. இறந்தோர் பட்டியலில் அந்த விமானத்துக்கு ஒரே பெயர்தான் வரும். அவர் காப்பாற்றியவர்களின் வழிவந்த குடும்பங்களோ பல. அவர்களும் வர வேண்டும். விமானம் விழுந்த ஊரிலும் கல்லறை உள்ள ஊரிலும் எண்பது ஆண்டாகப் பூ வைத்து வருகிறவர்கள் இருப்பார்கள், பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும். அவர்களுக்கும் எழுதுங்கள்.

முதல் கடிதத்தில் எழுதக் கூடாதது ஒன்று உண்டு. போருக்குப் பின் காணாமல் போனவர்களைத் தேடிய குழுக்களின் அறிக்கைகளில் உடல்கள் எந்த நிலையில் கிடைத்தன என்பது வரை இருக்கும். ஆர்வத்தில் அதை அப்படியே படியெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்களிடம் கூடுதல் விவரங்கள் உள்ளன, சில வேதனையானவை, விரும்பினால் தருகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருங்கள். கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரு குடும்பத்தின் முகவரியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்குமுன் இருவரிடமும் சம்மதம் வாங்குங்கள்.

7. முதியவர்களை மையமாக வைத்து நாளை அமையுங்கள்

வருகிறவர்களில் மிக மூத்தவர் எவ்வளவு தூரம் நடப்பார், எவ்வளவு நேரம் உட்காருவார், எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். போரில் பணியாற்றியவர் ஒருவரே வருகிறார் என்றால் அவருக்கென்று ஒரு துணையாள் மூன்று நாளும் கூடவே இருக்கட்டும். கார் நினைவுச்சின்னத்துக்கு மிக அருகில் வரட்டும். கூட்டத்தில் யார் எழுந்தாலும் அவர் எழத் தேவையில்லை என்று அறிவித்துவிடுங்கள், சொல்லாவிட்டால் அவர் எழ முயல்வார்.

அவரைச் சுற்றிக் கூட்டம் கூடும், கையெழுத்து கேட்பார்கள், மணிக்கணக்கில் படம் எடுப்பார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை துணையாள் இடைமறித்து அழைத்துப் போக வேண்டும். எதைப் பற்றிப் பேச விருப்பம், எதைப் பற்றி வேண்டாம் என்று முன்பே அவரிடம் கேட்டு, பேட்டி எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

கழிப்பறை, நிழல், போர்வை, தண்ணீர், முதலுதவி. இந்த ஐந்தையும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள். பழைய ஓடுதளங்களில் கழிப்பறை இருக்காது.

8. வெள்ளி மாலை: அறிமுகம் மட்டும்

வெள்ளியன்று உரை வேண்டாம். பயணக் களைப்பில் இருப்பார்கள். தேநீரும் பெயர் அட்டையும் போதும்.

ஆனால் பெயர் அட்டையில் கவனம் வையுங்கள், மூன்று நாளும் வேலை செய்யப்போவது அதுதான். வந்தவரின் பெயரைச் சிறிதாகவும், விமானப்படையில் இருந்த உறவினரின் பெயர், அவருடைய வேலை, விமானியின் பெயர் ஆகியவற்றைப் பெரிதாகவும் போடுங்கள். விமானத்தின் உடலில் எழுதியிருந்த குறியெழுத்து தெரிந்தால் அதையும். 50 ஆம் ஸ்குவாட்ரனுக்கு வி.என்., 61க்கு க்யூ.ஆர்., கிழக்கு கிர்க்பியில் இருந்த 57க்கு டி.எக்ஸ்., 630க்கு எல்.இ. ஒரே விமானியின் பெயரை எதிரெதிர் அட்டையில் பார்த்து இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். அவர்களுடைய அப்பாக்கள் ஒரே விமானத்தில் பறந்தவர்கள், இவர்கள் சந்தித்ததே இல்லை. இதற்காகத்தான் இத்தனை மாத உழைப்பும்.

நினைவுக் கூட்டத்தை ஞாயிறுக்குத் தள்ளுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களாக நின்று அஞ்சலி செலுத்துவதை விட, இரண்டு நாள் பழகி ஒரே குழுவின் குடும்பங்கள் சேர்ந்து நிற்பது நல்லது.

9. சனிக்கிழமை: தளம், பெயர்ச் சுவர், ஆவணங்கள்

காலையில் தளத்தைப் பாருங்கள், மதியத்துக்குப் பிறகு முதியவர்கள் சோர்ந்துவிடுவார்கள். பாம்பர் தளங்களில் பெரும்பாலும் 2,000 கெஜ நீளத்தில் ஒரு முதன்மை ஓடுபாதையும் 1,400 கெஜத்தில் இரண்டு துணைப் பாதைகளும் இருந்தன; இன்று அதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் கான்கிரீட்தான். வெறும் வயலைக் காட்டி இதுதான் என்றால் ஏமாற்றமாக இருக்கும். போர்க்கால வான்படம் ஒன்றையும் இன்றைய வரைபடத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அவர்களுடைய உறவினரின் விமானம் நிறுத்தப்பட்டிருந்த இடம் தெரிந்தால் குறித்துக் கொடுங்கள். பேருந்து திரும்ப இடம் இருக்கிறதா என்று ஓட்டுநரோடு ஒருமுறை முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

கிழக்கு கிர்க்பியின் விமானப் பாரம்பரிய மையத்தில் ஜஸ்ட் ஜேன் என்ற லங்காஸ்டர் தரையில் ஓடும். உள்ளே உட்கார்ந்து போகும் இடங்கள் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும், அதனால் தேதி குறித்த அன்றே கேளுங்கள். ஞாயிறு வழக்கமாக மூடியிருக்கும், அதனால் சனியில்தான் வைக்க வேண்டும்.

லிங்கனில் கேன்விக் மேட்டில் உள்ள பாம்பர் கமாண்ட் மையத்துக்கு மதியம் போகலாம். அங்குள்ள கோபுரத்தின் உயரம் 31.09 மீட்டர், லங்காஸ்டரின் இறக்கை நீளம். சுற்றிலும் எஃகுச் சுவர்களில் 58,000 பேருக்கு அருகில் பெயர்கள். இங்கே ஒரு எளிய தயாரிப்பு மிகவும் உதவும்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் தேடும் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது என்று இழப்புப் பதிவிலிருந்து எடுத்து முன்பே சீட்டு எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வயதானவர்கள் வெயிலில் சுவர் சுவராகத் தேடிக்கொண்டிருப்பார்கள். கல்லறையே கிடைக்காமல் ரன்னிமீட் நினைவகத்தில் மட்டும் பெயர் உள்ளவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களுடைய குடும்பத்துக்குத் தொட்டுப் பார்க்க உள்ள இடங்கள் மிகச் சில, இது அதில் ஒன்று. அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

மாலையில் மண்டபத்தில் ஒரு மேசையில் ஸ்கேனர் வையுங்கள். பறத்தல் பதிவேடு, கடிதம், படம் எல்லாம் கொண்டு வருவார்கள். வண்ணத்திலேயே எடுங்கள். அந்தப் பதிவேடுகளில் இரவுத் தாக்குதல்களைச் சிவப்பு மையிலும் பகல் தாக்குதல்களைப் பச்சையிலும் எழுதுவது வழக்கம், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்த வேறுபாடே போய்விடும். மூலத்தை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்து உடனே திருப்பிக் கொடுங்கள்.

பெயர் வாசிப்பு முடிந்து இரவு உணவு. மேசைகள் விமானக் குழு வாரியாக. ஒரே ஒரு உரை, பத்து நிமிடம், அதற்கு மேல் யார் கேட்டாலும் இடம் கொடுக்காதீர்கள்.

10. ஞாயிறு: நினைவுச்சின்னத்தின் முன்

வரிசை இது: வரவேற்பு, பாடல், வாசகம், பெயர்கள், நினைவுகூரும் வழக்கமான வரிகள், லாஸ்ட் போஸ்ட் (மௌனத்துக்கு முன் பியூகிளில் வாசிக்கும் இசை), இரண்டு நிமிட மௌனம், ரெவெலி (மௌனம் முடிந்ததும் வாசிக்கும் இசை), மலர்வளையம், ஆசி. மொத்தம் 35 நிமிடத்துக்குள் முடிக்கலாம். லாஸ்ட் போஸ்ட்டின் முதல் சுரத்தில் கொடிகள் தாழ வேண்டும், ரெவெலியில் எழ வேண்டும்.

கொடி ஏந்துபவர்களை 45 நிமிடம் முன்னால் வரச் சொல்லுங்கள். அவர்களே வயதானவர்கள், கொடி கனமானது, அதனால் நின்று பார்க்கும் ஒத்திகை ஒருமுறை போதும்.

மௌனத்தின் நேரத்தைக் கணக்கெடுக்க ஒருவரை மட்டும் நியமியுங்கள். பாதிரியாரும் அணிவகுப்புத் தலைவரும் பியூகிள் வாசிப்பவரும் ஆளுக்கு ஒரு கடிகாரம் பார்த்தால், மௌனம் ஒன்றரை நிமிடத்தில் உடையும் அல்லது யாரும் தொடங்காமல் நீளும். நேரம் பார்ப்பவர் கையைத் தாழ்த்துவதை பியூகிள் வாசிப்பவர் நேராகப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். பியூகிள் வாசிப்பவர் வர முடியாமல் போனால் இசைக்க ஒலிப்பதிவு இரண்டு தனித்தனிக் கருவிகளில் தயாராக இருக்கட்டும்.

மலர்வளையம் வைப்பவர்களின் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் எண் அட்டை. மன்னரின் பிரதிநிதி, ஸ்குவாட்ரன் சங்கம், இப்போதைய விமானப்படை, ஊர் மன்றம், அப்புறம் குடும்பங்கள். குடும்பங்களைத் தனித்தனியாக அழைத்தால் நேரம் போய்விடும் என்று சுருக்கப் பார்ப்பார்கள். மற்றவற்றைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். பட்டியலில் இல்லாமல் பூவோடு வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். கடைசியில் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு அரை நிமிடம் காத்திருங்கள்.

லிங்கன்ஷையரில் காற்று ஓயாது. ஒலிபெருக்கி சின்னதாக இருந்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும், ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போடுங்கள், முந்தைய நாள் அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். கனமழை வந்தால் தேவாலயத்துக்குள் போவது என்ற முடிவை யார், எத்தனை மணிக்கு எடுப்பார் என்பதையும் எழுதி வையுங்கள்.

வார்த்தைகளில் ஒரு வேண்டுகோள். குண்டு விழுந்த ஊர்களில் இறந்த பொதுமக்களையும் பிரார்த்தனையில் ஒரு வரியில் நினைவுகூருங்கள். ஜெர்மனியிலிருந்து விருந்தினர் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரண்டு நிலையிலும் அது சொல்லப்பட வேண்டியது. வெற்றி முழக்கமான பாடல்களைத் தவிருங்கள்.

ஒரு மணிக்குள் தேநீரும் முடிந்து எல்லோரும் கிளம்பும்படி பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு.

11. மேலே பறக்கும் விமானத்தை நம்பி நேரம் வைக்காதீர்கள்

போர்க்கால விமானங்களை இன்றும் பறக்கவிடும், கானிங்ஸ்பி விமானத் தளத்தில் உள்ள பிரிட்டன் போர் நினைவுப் பறப்புப் பிரிவின் லங்காஸ்டர் ஒருமுறை மேலே கடந்தால் அதைப் போல எதுவும் இல்லை. முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஆனால் அந்த விமானம் பக்கக் காற்று, மழை, இயந்திரக் கோளாறு எதனாலும் வராமல் போகலாம். 2024 மே மாதம் கானிங்ஸ்பி அருகே அந்தப் பிரிவின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் விழுந்து விமானி உயிரிழந்தபின் சில காலம் பறப்பே நிறுத்தப்பட்டது.

எனவே அழைப்பிதழில் உறுதி சொல்லாதீர்கள். விமானத்துக்காகக் கூட்டத்தை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். கூட்டம் முடிந்து பத்து நிமிடம் கழித்து ஒரு நேரத்தைக் கேளுங்கள்; மௌனத்தின் நடுவே இயந்திரச் சத்தம் வந்தால் இரண்டும் பாழ், தேநீர்க் கோப்பையோடு புல்வெளியில் நிற்கும்போது வந்தால் எல்லோரும் நிதானமாகப் பார்க்கலாம். வராவிட்டாலும் நிகழ்ச்சியில் ஓட்டை தெரியாது.

12. அடுத்த இரண்டு வாரம்

குடும்பங்கள் சொன்ன பெயர்த் திருத்தங்களை அந்த வாரமே பட்டியலில் ஏற்றுங்கள், நினைவிலிருந்து போய்விடும். உறுதியானவற்றை லிங்கன் மையத்தின் இழப்புப் பதிவுக்கும் அனுப்புங்கள். ஸ்கேன் எடுத்தவற்றை உரிமையாளர் சம்மதித்தால் அந்த மையத்தின் எண்ணிமக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம், உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் உங்களோடு போய்விடும்.

நன்றிக் கடிதத்தில் நிலத்துக்காரரையும் தேவாலயத்தைச் சுத்தம் செய்தவரையும் சேருங்கள். மலர்வளையங்கள் வாடியதும் யார் எடுப்பது என்று ஒருவரை நியமியுங்கள், காகிதப் பூக்கள் சேற்றில் கிடக்க விடக் கூடாது. கணக்கை முடித்து, அடுத்த ஆண்டின் தேதியை எழுதி, எல்லா அனுமதிக் கடிதங்களின் நகலோடு ஒரு கோப்பாகக் கட்டி, குழுவில் உங்களை விட இளையவர் ஒருவர் கையில் ஒரு படியைக் கொடுத்துவிடுங்கள்.